கேக் மிக்ஸ் பெட்டியோடு எதைச் சேர்க்கலாம், எவ்வளவு சேர்க்கலாம்

கேள்வி இதுதான். கடையில் வாங்கும் கேக் மிக்ஸை, சமையலறையில் கைவசம் இருக்கும் சாதாரணப் பொருட்களைச் சேர்த்து இன்னும் ருசியாக்க முடியுமா? கேட்டவர் ஏற்கெனவே ஒரு தடவை முயன்றிருக்கிறார். தண்ணீருக்குப் பதிலாக அதே அளவு பால், அதற்கு மேல் அரை கப் தயிர், பெட்டியில் சொன்ன 3 முட்டையோடு இன்னும் 2 முட்டை. கேக் ரப்பர் மாதிரி இழுத்ததாம், நடுவில் குழியும் விழுந்துவிட்டதாம். "பேசாமல் பெட்டியில் போட்டிருந்தபடியே செய்திருக்கலாமோ?" என்று முடித்திருக்கிறார்.

முடியும், தாராளமாக முடியும். பெட்டிக்குள் இருக்கும் தூளோடு மல்லுக்கட்டாமல், நாம் ஊற்றுகிற, உடைத்துப் போடுகிற பொருட்களை மட்டும் மாற்ற வேண்டும். அதையும் ஒரே நேரத்தில் இரண்டு மூன்று மாற்றங்களோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். அவர் செய்த மாற்றங்களைத் தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் சரியான யோசனைதான். அளவைக் குறைக்காமல் மூன்றையும் ஒன்றாகச் செய்ததுதான் வினையாகப் போனது.

முதலில் அந்தத் தூளில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிடலாம், மற்றதெல்லாம் அதிலிருந்துதான் வருகிறது. பெட்டியின் பின்பக்கம் பொருட்களின் பட்டியலைப் பாருங்கள். பெரும்பாலும் முதலில் சர்க்கரை இருக்கும், அப்புறம்தான் மாவு. மாவைவிடச் சர்க்கரை எடையில் கூடினால் கேக் மெத்தென்று வரும், ஆனால் வீட்டில் வாங்கும் மைதாவில் அப்படிச் செய்தால் அமுங்கிப்போகும். அதைத் தாங்குவதற்காகவே தொழிற்சாலையில் புரதம் குறைந்த மென்கோதுமை மாவை எடுத்துப் பதப்படுத்துகிறார்கள். சில நாடுகளில் குளோரின் வாயுவால், அது அனுமதிக்கப்படாத நாடுகளில் வெப்பத்தால். எப்படிச் செய்தாலும் அந்த மாவு சாதாரண மாவைவிட அதிக நீரையும் சர்க்கரையையும் தாங்கிக்கொள்ளும். கூடவே எமல்சிஃபையர்கள் இருக்கும். இவை கொழுப்பும் நீரும் பிரியாமல் பார்த்துக்கொள்வதோடு, அடிக்கும்போது உண்டாகும் காற்றுக் குமிழ்களையும் பிடித்து வைக்கும். எல்லாவற்றையும் ஒரே பாத்திரத்தில் கொட்டி இரண்டு நிமிடம் அடித்தாலே கேக் உப்பி வருவது அதனால்தான். உப்ப வைக்க பேக்கிங் சோடாவும், அதற்குச் சரியாகக் கணக்கிட்ட அமில உப்புகளும் உள்ளே இருக்கின்றன. சில உப்புகள் கலக்கும்போதே வேலையைத் தொடங்கும், சில ஓவன் சூடு ஏறும்வரை காத்திருக்கும்.

இந்த இடத்தில் பெட்டியைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. இவ்வளவு மென்மையான கேக்கை வீட்டில் முதலிலிருந்து செய்து எடுக்க நல்ல பழக்கம் வேண்டும். பெட்டியில் குறைவது ருசி. மாதக்கணக்கில் அலமாரியில் கெடாமல் இருக்க வேண்டிய தூளில் நல்ல வெண்ணெயைப் போட முடியாது, ஈரமான எதையும் போட முடியாது. வெனிலா மணம் என்று இருப்பது பெரும்பாலும் செயற்கை வெனிலின். நாம் ஊற்றச் சொல்வது வாசனையற்ற எண்ணெயும் தண்ணீரும். இனிப்பு தூக்கலாக இருக்கும், அதை ஈடுகட்டும் அளவுக்கு உப்பு இருக்காது. ஆக, கொழுப்பு, நீர், முட்டை, உப்பு, மணம் ஆகிய ஐந்து இடங்களில்தான் நமக்கு வேலை.

முட்டையைப் பற்றி ஒரு சின்னக் கதை உண்டு. 1950களில் எர்னஸ்ட் டிக்டர் என்ற உளவியலாளர், பெண்களுக்குத் தாமே சமைத்த திருப்தி வேண்டும், அதனால் மிக்ஸில் இருந்து முட்டைத்தூளை எடுத்துவிட்டு அவர்களையே முட்டை உடைத்து ஊற்றச் சொல்லுங்கள் என்று யோசனை சொன்னார், உடனே விற்பனை பிய்த்துக்கொண்டு போனது என்பார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பிட்ஸ்பர்க்கைச் சேர்ந்த டஃப் நிறுவனம் முட்டைத்தூள் கலந்த மிக்ஸுக்கு 1933இலும், முட்டையை வீட்டில் சேர்த்துக்கொள்ளும் மிக்ஸுக்கு 1935இலும் காப்புரிமை பெற்றுவிட்டது. டிக்டர் வருவதற்கு வெகு முன்பே அது நடந்துவிட்டது. மனோதத்துவம் ஒரு பக்கம் இருக்கட்டும், புது முட்டை ஊற்றிய கேக் முட்டைத்தூள் கேக்கைவிட ருசியாக இருக்கும் என்பதே போதுமான காரணம்.

சரி, அளவுகளுக்கு வருவோம். கீழே நான் சொல்வதெல்லாம் சுமார் 430 கிராம் தூள், 240 மில்லி தண்ணீர், 120 மில்லி எண்ணெய், 3 முட்டை என்று கேட்கும் பெட்டிக்கு. உங்கள் பெட்டியின் எடை குறைவாக இருந்தால் அதே விகிதத்தில் குறைத்துக்கொள்ளுங்கள். சில நிறுவனங்கள் பெட்டியின் எடையைப் பல வருடங்களாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து வந்திருப்பதால், பழைய குறிப்பு ஒன்றில் "ஒரு பெட்டி" என்று இருந்தால் அதை நம்பாமல் கிராம் கணக்கைப் பாருங்கள். பழைய குறிப்புகள் 517 கிராம் பெட்டியை மனதில் வைத்து எழுதியவை. இன்றைய பெட்டியில் அதே அளவு தயிரும் முட்டையும் சேர்த்தால் கலவை நீர்த்துப்போகும்.

எதையுமே மாற்ற விருப்பமில்லை என்றாலும் இரண்டு விஷயங்களை மட்டும் செய்யுங்கள். கால் டீஸ்பூன் பொடி உப்பு, 2 டீஸ்பூன் நல்ல வெனிலா எக்ஸ்ட்ராக்ட். இவை கேக்கின் அமைப்பைத் தொடவே தொடாது, அதனால் தவறு நேர வழியில்லை. உப்பு சேர்த்தால் கேக் உப்புக்கரிக்காது, அந்த ஒற்றைத் தித்திப்பு அடங்கி மற்ற ருசிகள் வெளியே வரும். வெனிலாவை எண்ணெயிலோ உருக்கிய வெண்ணெயிலோ கலந்து ஊற்றினால் மணம் நன்றாகப் பிடித்துக்கொள்ளும். பாதாம் எசென்ஸ் பிடிக்கும் என்றால் கால் டீஸ்பூன் போதும், அரை டீஸ்பூனுக்கு மேல் போனால் மருந்து வாசனை வந்துவிடும்.

அடுத்தது எண்ணெயா வெண்ணெயா என்ற பழைய வழக்கு. வெண்ணெயை மாற்றிப் போடுங்கள் என்று எல்லோரும் சொல்வார்கள், ருசி என்று பார்த்தால் உண்மைதான். ஆனால் எண்ணெய் அறை வெப்பத்திலும் திரவமாகவே இருப்பதால் கேக் மூன்றாவது நாளும் ஈரமாகத் தெரியும். வெண்ணெய் ஆறினால் இறுகும், ஃப்ரிட்ஜில் வைத்த வெண்ணெய் கேக் கட்டியாக, காய்ந்ததுபோல் இருக்கும். என் பரிந்துரை பாதிக்குப் பாதி. முழுவதும் வெண்ணெய்தான் வேண்டும் என்றால் ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. 120 மில்லி எண்ணெயின் எடை சுமார் 110 கிராம், அத்தனையும் கொழுப்பு. வெண்ணெயில் கொழுப்பு 80 சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கும், மீதியில் பெரும்பகுதி நீர். அதே கொழுப்பு கிடைக்க 135 கிராம் வெண்ணெய் வேண்டும், அதில் வரும் நீருக்காகத் தண்ணீரில் 20 மில்லி குறைக்க வேண்டும். அந்த 135 கிராமையே வாணலியில் மிதமான தீயில் வைத்து, நுரை அடங்கி, அடியில் பழுப்புத் துகள்கள் தெரிந்து, முந்திரி வறுத்த மாதிரி வாசனை வரும்வரை காய்ச்சினால் இன்னும் விசேஷம். அப்போது அதிலிருந்த நீர் ஆவியாகிப் போயிருக்கும், ஆகவே தண்ணீரைக் குறைக்க வேண்டாம். அடியில் தங்கிய துகள்களை வடிகட்டிவிடாதீர்கள், ருசி முழுக்க அதில்தான். உருக்கிய வெண்ணெயில் ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த முட்டையையும் பாலையும் ஊற்றினால் வெண்ணெய் திட்டுத்திட்டாக உறைந்துவிடும், எல்லாம் அறை வெப்பத்தில் இருக்கட்டும். எண்ணெய் மட்டும் போட்டுச் செய்யும்போது இந்தக் கவலை அவ்வளவாக இல்லை.

தண்ணீருக்குப் பதில் பால். இது மிகவும் பிரபலமான யோசனை, ஆனால் சொல்லப்படும் அளவுக்கு இதனால் பெரிய மாற்றம் வருவதில்லை. 240 மில்லி பாலில் கொழுப்பு சுமார் 8 கிராம்தான், அதாவது இரண்டு டீஸ்பூன் எண்ணெய்க்குக் கிட்டத்தட்டச் சமம். பாலால் கிடைக்கும் நன்மை அதன் புரதமும் லாக்டோஸும். அவை மேல்தோலுக்கு நிறம் கொடுக்கும், வெறும் இனிப்பாக இருந்த சுவையைக் கொஞ்சம் நிரப்பும். பாலோடு 2 அல்லது 3 டேபிள்ஸ்பூன் பால்பவுடரையும் கலந்தால் வித்தியாசம் நாக்குக்குத் தெரியும். வாசனையில் பால் கேக் மாதிரியே வரும். ஆனால் சீக்கிரம் சிவந்துவிடும், ஓவன் பக்கம் ஒரு கண் இருக்கட்டும்.

உண்மையான மாற்றம் வேண்டுமென்றால் தயிர் அல்லது சவர் கிரீம் (புளிக்க வைத்த கெட்டி கிரீம்). மிக்ஸில் சேர்க்கும் பொருட்களில் ஒன்றை மட்டும் தேர்ந்தெடு என்றால் நான் இதைத்தான் எடுப்பேன். கொழுப்பு, புளிப்பு, கெட்டித்தன்மை மூன்றையும் ஒரே கரண்டியில் கொண்டுவரும். கேக்கின் உள்பக்கம் நெருக்கமாகி, வாயில் கரைகிற மாதிரி ஆகும். ஆனால் இதைத் தண்ணீருக்கு மேல் கூடுதலாகப் போடக் கூடாது, தண்ணீருக்கு ஈடாகப் போட வேண்டும். 120 மில்லி தண்ணீரைக் குறைத்துவிட்டு அந்த இடத்தில் 120 முதல் 150 கிராம் கெட்டித் தயிர், அவ்வளவுதான். தயிரில் முக்கால் பங்குக்கு மேல் நீர்தான் என்பதை மறந்துவிடக் கூடாது. கேள்வி கேட்டவரின் கேக்கில் நடுவில் குழி விழுந்ததற்கு முதல் காரணம் இது. 240 மில்லி பாலும் இருந்தது, அதன் மேல் அரை கப் தயிரும் வந்தது, இரண்டு முட்டையின் நீரும் சேர்ந்தது. அந்தக் கலவையில் ஓரம் வெந்து நிற்கும், நடுப்பகுதி உறைவதற்குள் அங்கிருந்த குமிழ்கள் உடைந்துவிடும்.

புளிப்புக்கு இன்னொரு பக்கமும் உண்டு. பெட்டியில் சோடாவும் அமிலமும் ஏற்கெனவே ஒன்றுக்கொன்று சரியாக இருக்கின்றன. நாம் கூடுதலாக அமிலம் ஊற்றினால் சோடாவின் ஒரு பகுதி பாத்திரத்திலேயே தீர்ந்துபோகும், ஓவனில் உப்புவதற்கு மிச்சம் குறையும். கலவை புளிப்பானால் மேல்தோலும் வெளிறியே இருக்கும். அதனால் 120 கிராம் தயிருக்குக் கால் டீஸ்பூன் பேக்கிங் சோடா சேர்த்துக்கொள்ளலாம். அதற்கு மேல் வேண்டாம், சோப்பு ருசி வரும். இரண்டு மூன்று டேபிள்ஸ்பூன் தயிர்தான் சேர்க்கிறீர்கள் என்றால் சோடாவைப் பற்றி யோசிக்கவே தேவையில்லை. மேல்நாட்டுக் குறிப்புகளில் மோர் என்று வருவது நாம் குடிக்கும் நீர்மோர் கிடையாது, ஊற்றினால் கெட்டியாக விழும் புளித்த பால். அது இல்லாவிட்டால் தயிரில் மூன்றில் ஒரு பங்கு பால் விட்டுக் கடைந்தால் போதும்.

முட்டைக்கு வருகிறேன். இங்கேதான் ரப்பர் விவகாரம் தீரும். முட்டையில் வெள்ளைக்கரு ஒரு வேலை செய்யும், மஞ்சள்கரு வேறு வேலை செய்யும். வெள்ளை முழுக்க நீரும் புரதமும், வெந்தால் இறுகிக் கேக்கைப் பிடித்து நிறுத்தும், அளவு மீறினால் உலர வைத்து இழுக்க வைக்கும். மஞ்சளில் கொழுப்பும் லெசிதின் என்ற இயற்கை எமல்சிஃபையரும் இருக்கின்றன, கேக்கை மென்மையாக்கும், நிறமும் கொடுக்கும். "ஒரு முட்டை கூடப் போடுங்கள்" என்று சொல்பவர்கள் உண்மையில் நாடுவது மஞ்சள்கருவைத்தான். எனவே 3 முட்டையோடு 1 அல்லது 2 மஞ்சள்கரு மட்டும் சேருங்கள், வேறெதையும் குறைக்க வேண்டாம். முழு முட்டையாக ஒன்று கூட்டினால் தண்ணீரில் 2 டேபிள்ஸ்பூன் குறைத்துவிடுங்கள், அதோடு தயிர் மாதிரி மென்மைப்படுத்தும் ஒன்றும் கூட இருக்கட்டும். முழு முட்டையாகவே இரண்டைக் கூட்டினால் கேக் ஆம்லெட் பக்கம் சாயத் தொடங்கிவிடும். வெள்ளை நிற கேக் மிக்ஸில் வெள்ளைக்கரு மட்டும் ஊற்றச் சொல்வது நிறத்துக்காக. நிறம் முக்கியமில்லை என்றால் முழு முட்டையே போடுங்கள், கேக் இன்னும் நன்றாக இருக்கும். முட்டை வேண்டாதவர்களுக்கென்றே தயாரித்த மிக்ஸில் முட்டை இல்லாமல் நிற்பதற்கான ஏற்பாடு தூளிலேயே இருக்கும். அதில் முட்டையைச் சேர்க்கவும் வேண்டாம், தயிர், வினிகர் என்று புளிப்பைக் கூட்டவும் வேண்டாம். உப்பு, வெனிலா, பாலுக்குப் பதில் கொஞ்சம் கிரீம், இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

சாக்லேட் மிக்ஸைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கொஞ்சம் கைவேலையில் அதிகம் தேறுவது இதுதான். பெட்டி சாக்லேட் கேக் கறுப்பாக இருக்கும், ஆனால் சாக்லேட் ருசி மங்கலாக இருக்கும். இதற்கு 3 டேபிள்ஸ்பூன் கோகோ பவுடரையும் 2 டீஸ்பூன் இன்ஸ்டன்ட் காபித்தூளையும் ஒரு பாத்திரத்தில் போட்டு, பெட்டி சொன்ன தண்ணீரைக் கொதிக்க வைத்து ஊற்றி, கட்டியில்லாமல் கலக்கி ஆற விடுங்கள். வெந்நீர் பட்டதும் கோகோவின் மணம் அறை முழுக்க எழும், அது அப்படியே கேக்கிலும் தெரியும். கோகோ நீரை உறிஞ்சும் என்பதால் 2 டேபிள்ஸ்பூன் தண்ணீர் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். ஆறாமல் ஊற்றினால் முட்டை திரிந்துவிடும், அவசரப்பட வேண்டாம். காபி சேர்த்தால் காபி ருசி வருமா என்று கேட்பார்கள். இந்த அளவில் வராது, சாக்லேட்டின் கசப்பைத் தூக்கிக் கொடுக்கும், அவ்வளவுதான். காபி ருசியே பிடிக்கும் என்றால் தண்ணீருக்குப் பதில் கடும் டிகாக்‌ஷனையே ஊற்றலாம். சாக்லேட் கேக்குக்குப் பால் தேவையே இல்லை, பால் கோகோவின் கூர்மையை மழுங்கடிக்கும். ஆனால் 100 கிராம் சவர் கிரீமோ தயிரோ நன்றாகப் பொருந்தும், தண்ணீரில் அதற்கு ஏற்ப 80 மில்லி குறைத்துக்கொண்டால் சரி. சாக்லேட் துண்டுகள் போடுவதானால் பொடித்துணுக்காக நறுக்கியது போடுங்கள். பெட்டி மாவு இளகலாக இருக்கும், பெரிய துண்டுகள் அடியில் போய்த் தங்கிவிடும். உலர்ந்த மைதாவில் புரட்டிப் போட்டால் மிதக்கும் என்பார்கள், இளகலான கலவையில் அது பெரிதாக உதவாது. பாதிக் கலவையை ட்ரேயில் ஊற்றி, துண்டுகளைத் தூவி, மீதியை ஊற்றுவது ஓரளவு கைகொடுக்கும்.

எலுமிச்சை, ஆரஞ்சு மணம் வேண்டுமா? சாறு ஊற்ற வேண்டாம், தோலைத் துருவிப் போடுங்கள். மணமெல்லாம் தோலின் எண்ணெயில் இருக்கிறது. உலர்ந்த மிக்ஸிலேயே இரண்டு பழத்தின் தோல் துருவலைப் போட்டு விரல்களால் நன்றாகத் தேய்த்தால் அதிலுள்ள சர்க்கரை அந்த எண்ணெயை வாங்கிக்கொள்ளும். சாறு கேக் மாவைப் புளிக்க வைத்து உப்புவதைக் கெடுக்கும். அதை வெந்த பிறகு ஊற்றும் பாகுக்கு வைத்துக்கொள்ளுங்கள், அங்கே எவ்வளவு புளிப்பு இருந்தாலும் கேக் உயரம் குறையாது.

இன்ஸ்டன்ட் புட்டிங் தூள் ஒரு சிறு பாக்கெட், சுமார் 96 கிராம், சேர்ப்பது அமெரிக்கர்களின் பழைய தந்திரம். அதில் வேகவைக்காமலேயே நீரைப் பிடிக்கும் மாவுச்சத்து இருப்பதால் கேக் கனமாக, ஈரமாக வரும், நடுவில் துளையுள்ள வட்ட அச்சில் செய்யும் பெரிய கேக்குகளுக்கு நன்றாக இருக்கும். ஆனால் சில மிக்ஸில் புட்டிங் ஏற்கெனவே கலந்திருக்கும், அதில் மேலும் போட்டால் வெந்து ஆறியதும் ஓரங்கள் சுருங்கி உள்ளே வாங்கும். எனக்கு இது அவ்வளவாகப் பிடிக்காது, பாக்கெட்டின் சர்க்கரையும் செயற்கை மணமும் கூடவே வருகின்றன. மயோனைஸ் என்றால் முகம் சுளிப்பார்கள். அது எண்ணெய், மஞ்சள்கரு, கொஞ்சம் வினிகர் சேர்ந்ததுதான், எண்ணெயில் பாதியைக் குறைத்து 3 டேபிள்ஸ்பூன் போட்டால் சாக்லேட் கேக்கில் கண்டுபிடிக்கவே முடியாது. பூண்டோ மசாலாவோ சேர்க்காத மயோனைஸாக இருக்க வேண்டும் என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். முட்டையும் எண்ணெயும் இல்லாமல் ஒரு டின் சோடா பானம் மட்டும் ஊற்றிச் செய்யலாமா என்றால், செய்யலாம், வேகும். ஆனால் கையில் எடுத்தால் உதிரும், அடுக்கி ஃப்ராஸ்டிங் பூச முடியாது. முட்டையும் எண்ணெயும் தீர்ந்துபோன நாளுக்கு அது ஒரு வழி. பூசணி விழுதோடு மட்டும் கலந்து செய்வதும் அதே கதைதான், கனமாக வரும், மசாலா மணமுள்ள மிக்ஸுக்கு மட்டும் பொருந்தும்.

தூளைத் தொடாதீர்கள் என்று சொன்னேன். அதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. பிறந்தநாள், திருமணத்துக்கெல்லாம் அடுக்கு கேக் செய்பவர்கள் பலரும் பெட்டியையே அடிப்படையாக வைத்து ஒரு கலவை செய்கிறார்கள். ஒரு பெட்டி வெள்ளை மிக்ஸ், 1 கப் மைதா, 1 கப் சர்க்கரை, முக்கால் டீஸ்பூன் உப்பு, 1 கப் சவர் கிரீம், 320 மில்லி தண்ணீர், 2 டேபிள்ஸ்பூன் எண்ணெய், 4 வெள்ளைக்கரு, வெனிலாவும் பாதாம் எசென்ஸும் ஒவ்வொரு டீஸ்பூன். பாதாம் எசென்ஸை நான் பாதியாகக் குறைப்பேன். இதில் சர்க்கரையைக் கூட்டும்போதே மாவையும் கூட்டியிருப்பதைக் கவனியுங்கள். சர்க்கரை மட்டும் கூடினால் மாவுச்சத்து இறுகும் வெப்பநிலை மேலே போய், நடுப்பகுதி நிற்பதற்குள் சரிந்துவிடும். இந்தக் கேக் பெட்டியின் மேகம் போன்ற மென்மையை இழக்கும், பதிலுக்கு இறுக்கமாக, கத்தி வைத்தால் நேராக வெட்டுப்படும்படி கிடைக்கும். மேலே இரண்டு அடுக்கு வைத்தாலும் அமுங்காது. சேர்த்தது சாதாரண மைதா என்பதால் கலந்த பிறகு அதிகம் அடிக்காதீர்கள்.

என்ன சேர்த்தாலும் ஓவனில் கோட்டைவிட்டால் பயனில்லை. பெட்டி மிக்ஸ் காய்ந்து போவதற்கு மிகப் பொதுவான காரணம் ஐந்து நிமிடம் கூடுதலாக வேக விடுவதுதான். பெட்டியில் 175 அல்லது 180 டிகிரி செல்சியஸ் என்று இருந்தால் 160 முதல் 165 டிகிரியில் வைத்து, கொஞ்சம் அதிக நேரம் விடுங்கள். நடுவில் கூம்பாகப் பொங்காமல் மேல்பரப்பு சமமாக வரும், ஓரமும் கருகாது. ஓவனில் காற்றாடி ஓடினால் சூட்டை இன்னும் குறைக்க வேண்டும். கறுப்பு ட்ரே சூட்டை அதிகம் இழுக்கும், வெளிர் நிற அலுமினிய ட்ரே நல்லது. பெட்டி சொல்லும் நேரத்துக்கு ஐந்து நிமிடம் முன்பே குச்சியால் குத்திப் பாருங்கள். குச்சியில் ஈர மாவு ஒட்டக் கூடாது, நான்கைந்து துணுக்குகள் ஒட்டலாம். சுத்தமாக வந்தால் கொஞ்சம் தாமதம் என்றுதான் அர்த்தம். வெப்பமானி இருந்தால் நடுவில் 97, 98 டிகிரி காட்டும்போது எடுத்துவிடலாம். பெட்டி தேதி கடந்ததாக இருந்தால் உப்ப வைக்கும் பொருள் சக்தி இழந்திருக்கலாம். சேர்மானங்களைப் பழி சொல்வதற்கு முன் தேதியைப் பார்த்துவிடுங்கள்.

வெந்த பிறகும் ஒரு வாய்ப்பு இருக்கிறது, பலர் அதை விட்டுவிடுகிறார்கள். 100 கிராம் சர்க்கரையை 100 மில்லி தண்ணீரில் கொதிக்க வைத்து ஆற்றிய பாகு. கேக் இளஞ்சூடாக இருக்கும்போது ஒவ்வொரு அடுக்குக்கும் மூன்று நான்கு டேபிள்ஸ்பூன் பிரஷ்ஷால் தடவுங்கள். எலுமிச்சைச் சாறு, காபி, வெனிலா என்று எந்த மணத்தையும் இதில் ஏற்றலாம், கேக் மாவின் கணக்கு எதுவும் கெடாது. டப்பா ஃப்ராஸ்டிங்குக்குப் பதிலாக வீட்டிலேயே வெண்ணெயும் ஐசிங் சர்க்கரையும் அடித்துப் பூசினால், மேலே சொன்ன எல்லாவற்றையும்விட அதுதான் முதலில் நாக்குக்குத் தெரியும். சாப்பிடுபவர் முதலில் ருசிப்பது மேல்பூச்சைத்தானே. நேரம் குறைவாக இருந்து ஒன்றே ஒன்றுதான் செய்ய முடியும் என்றால், கேக்கைப் பெட்டியில் போட்டபடி செய்துவிட்டுப் பூச்சுக்கு மெனக்கெடுங்கள்.

கேள்வி கேட்டவர் அடுத்த முறை இப்படிச் செய்து பார்க்கலாம். வெனிலா மிக்ஸ் ஒரு பெட்டி, கால் டீஸ்பூன் உப்பு, கால் டீஸ்பூன் பேக்கிங் சோடா. மூன்றையும் விஸ்க்கால் கலந்து கட்டிகளை உடைத்துவிடுங்கள். இன்னொரு பாத்திரத்தில் 120 மில்லி பால், 130 கிராம் கெட்டித் தயிர், 60 மில்லி எண்ணெய், 65 கிராம் உருக்கி ஆறிய வெண்ணெய், 3 முட்டை, அதற்கு மேல் 1 மஞ்சள்கரு, 2 டீஸ்பூன் வெனிலா. இரண்டையும் சேர்த்து மிதமான வேகத்தில் இரண்டு நிமிடம் அடியுங்கள். முன்பு செய்ததைவிடக் கலவை கெட்டியாக இருக்கும், பயப்பட்டுப் பால் ஊற்ற வேண்டாம். 23க்கு 33 சென்டிமீட்டர் ட்ரேயில் 165 டிகிரியில் வையுங்கள், முப்பது நிமிடம் கழிந்ததும் குத்திப் பார்க்கத் தொடங்குங்கள். அவர் போட்ட பாலும் தயிரும் முட்டையும் இதிலும் இருக்கின்றன, ஒன்று உள்ளே வரும்போது மற்றொன்று வெளியே போகிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

கலவையை ருசி பார்க்கக் கரண்டியை நக்க வேண்டாம். முட்டை இல்லாவிட்டாலும் மாவு பச்சையானதுதான். 2021இல் அமெரிக்காவில் கேக் மிக்ஸின் பச்சைக் கலவையைச் சாப்பிட்டவர்களுக்கு ஈ.கோலை தொற்று வந்து, நோய்க் கட்டுப்பாட்டு மையம் எச்சரிக்கை விடுத்தது. வேகவைக்காத இனிப்புகளில் மிக்ஸைத் தூளாகவே தூவுகிற குறிப்புகளையும் தவிர்த்துவிடுங்கள்.

ஆறிய கேக்கைக் காற்றுப் புகாமல் மூடி அறை வெப்பத்தில் ஒரு இரவு வைத்தால் மறுநாள் ஈரம் சமமாகப் பரவியிருக்கும், சாக்லேட் கேக்குக்கு இது இன்னும் பொருந்தும். கிரீம் பூச்சு காரணமாக ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டியிருந்தால், வெண்ணெய் சேர்த்த கேக் ஆயிற்றே, பரிமாறுவதற்கு முக்கால் மணி நேரம் முன்பு வெளியே எடுத்துவிடுங்கள். நேராக ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து வெட்டினால் அது காய்ந்த கேக் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள்.